சூளை ஊருக்கு லேசர் எதற்கு? விருத்தாசலம் பீங்கானும் பல்கலைக்கழக ஆய்வகங்களும்

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் அடிக்கடி பஸ்ஸில் போகிறவர்களுக்கு வேப்பூர் கூட்டு ரோடு தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து கிழக்கே திரும்பி 20 கி.மீ.க்குச் சற்று அதிகமாகப் போனால் விருத்தாசலம் வந்துவிடும்.

கார்த்திகைக்கு ஏற்றும் பீங்கான் அகல் விளக்கு, கொலுப் படியில் உட்காரும் பளபளப்பான பிள்ளையார், பழைய வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கேரியர். இவற்றில் ஏதாவது ஒன்று இந்த ஊர்ச் சூளையில் வெந்து உங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். செராமிக் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு நடத்தும் கல்வி நிலையமும் இங்கே இருக்கின்றன. மண்ணுக்கும் பஞ்சமில்லை. பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே மூடிக் கிடக்கும் அடுக்குகளிலேயே பீங்கானுக்கு உதவும் களிமண் கிடைக்கிறது.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புதிதாகக் கட்டும் வீடுகளில் ஃபியூஸ் கேரியரின் இடத்தை எம்.சி.பி. சுவிட்ச் பிடித்துவிட்டது. அகல் விளக்குக்கும் பொம்மைக்கும் சீசன் வியாபாரம்தான். வருஷம் முழுக்கச் சூளை எரிய வேண்டுமென்றால் புதுப் பொருள் வேண்டும்.

இன்னொரு பக்கம், 'செராமிக்' என்ற சொல்லுக்கு உலகச் சந்தையில் மவுசு ஏறிக்கொண்டே போகிறது. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் செல்போனுக்குள் மட்டும் நூற்றுக்கணக்கான செராமிக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. பல் மருத்துவர் மாட்டும் சிர்கோனியா பல், செயற்கை இடுப்பு மூட்டின் பந்து, ராக்கெட் பாகங்களின் வெப்பக் கவசம் எல்லாமே செராமிக்தான். இந்த வகைப் பொருட்களுக்கு நுட்பமான வடிவம் கொடுக்க உலகப் பல்கலைக்கழகங்கள் நம்பும் கருவிகளில் முக்கியமானது லேசர்.

சூளையை நம்பி வாழும் ஊருக்கு லேசரால் என்ன பயன்? அது வந்தால் சூளைக்காரர் பிழைப்பு போய்விடுமா?

அயர்ன் பாக்ஸை விடக் குறைந்த வாட்!

லேசர் என்றதும் சினிமாவில் வரும் சிவப்புக் கதிர்தான் நினைவுக்கு வரும். உண்மையில் தொழிற்சாலை லேசரின் பலம், ஒளியை எவ்வளவு சின்ன இடத்தில் குவிக்க முடிகிறது என்பதில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. வீட்டு அயர்ன் பாக்ஸ் சுமார் 1,000 வாட். அந்தச் சூடு, அடித்தட்டின் சுமார் 20,000 சதுர மி.மீ. பரப்பில் பரவுகிறது. ஒரு சதுர மி.மீ.க்கு 0.05 வாட்தான் வரும். இப்போது 500 வாட் லேசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அயர்ன் பாக்ஸில் பாதிதான். ஆனால் அதை 0.1 மி.மீ. விட்டமுள்ள புள்ளியாகக் குவித்தால், ஒரு சதுர மி.மீ.க்கு 60,000 வாட்டைத் தாண்டிவிடும். அதாவது 12 லட்சம் மடங்கு! இரும்பு உருகுவதற்கும், ஆவியாகிப் பறப்பதற்கும் இது போதும்.

இந்தச் சூட்டை வெட்ட, துளை போட, ஒட்ட, மேற்பரப்பைக் கடினமாக்க, பொடியை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் கட்ட எனப் பல விதமாகப் பயன்படுத்தலாம். இவை எல்லாம் சேர்ந்ததுதான் 'லேசர் பொருள் பதப்படுத்தல்' என்ற ஆய்வுத் துறை.

முதல் லேசரை 1960 மே 16-ல் அமெரிக்காவின் தியோடர் மைமன் ஒளிரவைத்தார். அவர் பயன்படுத்திய ரூபி தண்டு, அலுமினா என்ற அலுமினியம் ஆக்சைடில் கொஞ்சம் குரோமியம் கலந்த படிகம். செராமிக் உலகில் அதிகம் புழங்கும் பொருட்களில் அலுமினாவும் ஒன்று. லேசரின் பிறப்பிலேயே செராமிக் உறவு இருக்கிறது என்று சொல்லலாம்.

அடுத்த பெரிய பாய்ச்சலில் ஓர் இந்தியர் இருக்கிறார். மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்த குமார் படேல், 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். உலோகம் இதன் ஒளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். கண்ணாடி, மரம், பீங்கான் ஆகியவை நன்றாக உள்வாங்கிக்கொள்ளும். எலக்ட்ரானிக்ஸ் துறையில் அலுமினாத் தகடுகளைக் கோடு கிழித்து உடைக்க இந்த வகை லேசர் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது.

565 கிலோ எப்படி 13.7 கிலோ ஆனது?

லேசர் தயாரிப்பு என்ன மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது.

2024 மே 9-ல் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ வளாகத்தில், பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்கான இன்ஜின் 665 வினாடி எரித்துப் பார்க்கப்பட்டது. அந்த இன்ஜின் 3டி பிரிண்டிங் முறையில் லேசரால் கட்டப்பட்டது. மெல்லிய உலோகப் பொடியைப் பரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் லேசரால் உருக்கி, அதன் மேல் அடுத்த பொடி அடுக்கைப் பரப்பி, மறுபடி உருக்கி... இப்படியே அடுக்கடுக்காக வளர்ந்த இன்ஜின்.

பழைய முறையில் 14 பாகங்களைச் செய்து வெல்டிங் வைத்து இணைக்க வேண்டும். புதிய முறையில் ஒரே பாகம். 19 வெல்டிங் இணைப்புகள் தேவையில்லாமல் போயின. ஓர் இன்ஜினுக்கு 565 கிலோ உலோகம் எடுத்துக் கடைந்த இடத்தில் 13.7 கிலோ பொடி போதுமானதாக இருந்தது. தயாரிப்பு நேரம் 60 சதவீதம் குறைந்ததாக இஸ்ரோ அறிவித்தது.

அதே மாதம் 30-ம் தேதி, சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மோஸ் நிறுவனம், ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்த இன்ஜினுடன் தன் சோதனை ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஐஐடி பேராசிரியர்.

பொடியை லேசரால் இணைக்கும் இந்த யோசனையின் வேரும் ஒரு பல்கலைக்கழகத்தில்தான். 1980-களில் அமெரிக்காவின் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்ட் என்ற மாணவருக்குத் தோன்றியது அது. பேராசிரியர் ஜோ பீமன் வழிகாட்டுதலில் இயந்திரமாகி, பிறகு தொழிலாக வளர்ந்தது.

பீங்கான் மட்டும் ஏன் அடம் பிடிக்கிறது?

உலோகத்தில் இவ்வளவு செய்ய முடிகிறது. அதையே பீங்கானில் செய்தால் என்ன என்று தோன்றும். அங்கேதான் தகராறு.

குளிர்ந்த கண்ணாடி டம்ளரில் கொதிக்கும் காபியைச் சட்டென்று ஊற்றினால் 'டிக்'கென்று விரிசல் விடும். உள்பக்கம் சூடேறி விரிகிறது, வெளிப்பக்கம் இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நடக்கும் இழுபறியைத் தாங்காமல் கண்ணாடி உடைகிறது.

பீங்கானில் லேசர் படும்போதும் இதே கதைதான். புள்ளி அளவு இடம் ஆயிரக்கணக்கான டிகிரிக்குப் போகும். ஒரு மி.மீ. தள்ளி இருக்கும் இடம் கை வைக்கிற சூட்டில் இருக்கும். உலோகம் என்றால் சூட்டை வேகமாகக் கடத்திவிடும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். பீங்கானுக்கு வளையத் தெரியாது. விரிசல்தான் விடும். போதாக்குறைக்கு, அலுமினா உருகவே 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும்.

ஆய்வகங்கள் கண்ட மூன்று வழிகள்

முதல் வழி, சூடு பரவ நேரமே கொடுக்காமல் இருப்பது. ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோ நொடி. அவ்வளவு குறுகிய துடிப்புகளாக லேசரைப் பாய்ச்சினால், பட்ட இடம் ஆவியாகிப் போய்விடும். பக்கத்துப் பகுதிக்குச் சூடு சேருவதற்குள் வேலை முடிந்துவிடும். இத்தகைய குறுந்துடிப்புகளை மிக வலுவாக உருவாக்கும் முறையைக் கண்டதற்காகத்தான் டோனா ஸ்ட்ரிக்லண்ட், ஜெரார்டு மூரூ இருவருக்கும் 2018-ல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த ஆய்வும் ஒரு பல்கலைக்கழகத்தில், ரோசெஸ்டரில், ஸ்ட்ரிக்லண்ட் முனைவர் பட்ட மாணவியாக இருந்தபோது நடந்ததே.

இரண்டாவது வழி, லேசரை வெட்டும் கத்தியாகப் பயன்படுத்தாமல் அடுப்பாகப் பயன்படுத்துவது. சிலிக்கான் நைட்ரைடு போன்ற செராமிக்கைக் கடைசல் இயந்திரத்தில் வைத்து, கத்தி போகும் பாதையில் அதற்குச் சற்று முன்னால் லேசரால் சூடேற்றுவார்கள். இளகிய இடத்தைக் கத்தி எளிதாகச் சீவிவிடும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் இதில் நீண்ட காலம் ஆய்வு செய்திருக்கிறது.

மூன்றாவது வழிதான் விருத்தாசலம் கவனிக்க வேண்டியது. செராமிக் பொடியை, ஒளி பட்டால் இறுகும் பிசினில் கலந்து கூழாக்குகிறார்கள். அந்தக் கூழ் மேல் லேசர் கோலம் போடுவதுபோல் ஓடுகிறது. ஓடிய இடம் மட்டும் இறுகுகிறது. இப்படி அடுக்கடுக்காக வடிவம் வளர்கிறது. இந்த முறையில் லேசருக்குப் பீங்கானை உருக்கும் வேலையே கிடையாது, அதனால் விரிசல் பயமும் குறைவு.

ஆனால் இப்படி வரும் பொருள் சுடாத பச்சை மண் மாதிரிதான். அதைச் சூளையில் வைத்து, முதலில் மிக மெதுவாகச் சூடேற்றிப் பிசினை வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டால் வெடித்துவிடும். அதன் பிறகு உச்ச வெப்பத்தில் சுட வேண்டும். சுடும்போது பொருள் கணிசமாகச் சுருங்கும். எந்தப் பக்கம் எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்து, கம்ப்யூட்டர் வரைபடத்தையே முன்கூட்டிப் பெரிதாகப் போட வேண்டும்.

ஈரம் போக முதல் சில மணி நேரம் மெதுவாக எரிப்பது, சுருக்கத்துக்கு இடம் விட்டு அச்சு வெட்டுவது, சூளையின் எந்த மூலையில் சூடு கூடும் என்று தெரிந்து அடுக்குவது எல்லாம் விருத்தாசலம் சூளைக்காரர்களுக்குப் பழகிய விஷயங்கள். லேசர் பிரிண்டர் வந்தாலும் இந்த அறிவு இல்லாமல் பொருள் முழுசாக வெளியே வராது.

பிரான்ஸில் ஒரு 'விருத்தாசலம்'

இது ஏட்டளவு யோசனை என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸில் லிமோஜ் என்று ஒரு ஊர். 1768-ல் பக்கத்தில் வெள்ளைக் களிமண் கிடைத்தது, 1771-ல் பீங்கான் தயாரிப்பு தொடங்கியது. தட்டு, கோப்பை என்று பீங்கான் பாத்திரங்களுக்காக உலகப் பெயர் வாங்கியது.

1979-ல் அந்த நாட்டின் தேசியத் தொழில்துறை செராமிக் கல்லூரி பாரிஸுக்கு அருகிலுள்ள செவ்ரிலிருந்து லிமோஜுக்கு மாறியது. இன்று பல்கலைக்கழகத்தின் செராமிக் ஆய்வு நிறுவனம், ஆய்வகத்தில் கண்டதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசேர்ப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு தொழில்நுட்ப மாற்று மையம், சூளைகள், நிறுவனங்கள் எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. லேசரால் செராமிக்கை 3டி பிரிண்ட் செய்யும் இயந்திரங்களை உருவாக்கும் நிறுவனமும் லிமோஜ் பகுதியிலிருந்தே வளர்ந்தது. மண்டையோட்டு எலும்பில் ஒரு பகுதியை இழந்த நோயாளிகளுக்கு அளவெடுத்துப் பொருத்தும் செராமிக் எலும்புத் துண்டுகள்வரை அந்தத் தொழில்நுட்பம் போயிருக்கிறது.

சாப்பாட்டுத் தட்டு செய்த ஊர், எலும்பு செய்யும் ஊராகவும் ஆனது. லிமோஜ் தட்டு செய்வதை நிறுத்தவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

45 கி.மீ. தூரத்தில் ஓர் ஆய்வகம்

விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் அண்ணாமலை நகர் சுமார் 45 கி.மீ. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உற்பத்திப் பொறியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதில் இயங்கும் பொருள் இணைப்பு ஆய்வு மையம் ('செமாஜோர்'), வெல்டிங் ஆய்வில் நாடறிந்த பெயர். உராய்வால் சூடேற்றி உலோகங்களை இணைப்பது, மெக்னீசியம் போன்ற எடை குறைந்த உலோகக் கலவைகளை லேசரால் வெல்டிங் செய்வது பற்றி அங்கிருந்து ஏராளமான ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன.

அப்படி என்ன ஆராய்கிறார்கள்? தோசை சுடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லின் சூடு, மாவின் பதம், தேய்க்கும் வேகம் மூன்றும் சரியாக அமைந்தால்தான் தோசை ஒட்டாமல் வரும். லேசரில் சூட்டின் இடத்தில் வாட், தேய்க்கும் வேகத்தின் இடத்தில் கதிர் நகரும் வேகம். கூடவே குவியப் புள்ளியின் அளவு, வீசும் வாயு. ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் செய்து, வெட்டிப் பார்த்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இழுத்து உடைத்து, எந்த அளவுகளில் நல்ல இணைப்பு வரும் என்று கண்டுபிடிப்பார்கள். 'ஆனால் இதே கூட்டணியில் 27 சோதனை போதும்' என்று சொல்லும் புள்ளியியல் முறைகள், நூற்றுக்கணக்கான சோதனைகளின் செலவை மிச்சப்படுத்தும்.

நாட்டின் பல பொறியியல் ஆய்வகங்களில் இந்த வேலை நடக்கிறது. குறை எங்கே என்றால், பெரும்பாலான ஆய்வுகள் விமானம், கார் உலோகங்களைச் சுற்றியே நிற்கின்றன. முடிவு கட்டுரையாக வெளியாகும், பட்டம் கிடைக்கும், கதை அதோடு முடிந்துவிடும். பக்கத்து ஊர்த் தொழிற்பேட்டையில் தேயும் அச்சு, ஆய்வுத் தலைப்பாக மாறுவது அபூர்வம்.

உடனே உதவக்கூடியது எது?

லேசரால் அகல் விளக்கு செய்ய முடியுமா என்றால், முடியும், ஆனால் கட்டுப்படியாகாது. அச்சில் அழுத்தினால் சில நொடிகளில் வரும் விளக்கு, 3டி பிரிண்டரில் மணிக்கணக்கில் ஆகும். லேசர் இயந்திரம் உதவும் இடங்கள் வேறு.

* தேய்ந்த அச்சைக் காப்பாற்றலாம்: பீங்கான் கலவையில் உள்ள குவார்ட்ஸ் துகள்கள், எஃகு அச்சை உப்புத்தாள்போல் தேய்க்கும். தேய்ந்த இடத்தில் கடினமான உலோகப் பொடியை லேசரால் உருக்கிப் படியவைத்து, அச்சைப் புதுப்பிக்கலாம். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் ஏஆர்சிஐ, இந்தூரின் ஆர்ஆர்கேட் ஆய்வகங்களுக்கு இந்த நுட்பத்தில் அனுபவம் உண்டு.

* புது டிசைனை வேகமாக இறக்கலாம்: பொம்மையின் மாதிரியைக் கம்ப்யூட்டரில் வரைந்து, பிசினில் பிரிண்ட் செய்து, அதிலிருந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு எடுக்கலாம். பிறகு வழக்கம்போல் கூழ்மண் ஊற்றிச் சூளையில் சுடலாம். அச்சுக்கு மட்டும்தான் புது முறை, மீதி எல்லாம் பழசு.

* பேர் பொறிக்கலாம்: கோப்பையிலோ விளக்கிலோ பெயர், லோகோவை லேசரால் பொறித்தால் மை அழியும் கவலை இல்லை. கீ செயினில் பெயர் பொறிக்கும் கடைகளில் இருக்கும் சின்ன லேசர் இயந்திரங்களின் வகையறாதான் இதற்கும்.

* சிறு அளவு, அதிக விலைப் பொருட்களுக்குப் போகலாம்: சென்சார் உறைகள், உலைக் கருவிகளின் பாகங்கள், ஆய்வகத் தாங்கிகள் போன்றவை நூறு இருநூறு என்ற எண்ணிக்கையில்தான் தேவைப்படும். இவற்றுக்குப் பெரிய ஆலை தேவையில்லை. துல்லியம் தேவை.

உலோகத்தை 3டி பிரிண்ட் செய்யும் பெரிய இயந்திரங்களின் விலை கோடிகளில் ஓடுகிறது. சிறு யூனிட் எதுவும் தனியாக வாங்க முடியாது. குறு, சிறு நிறுவனங்கள் சேர்ந்து பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் கிளஸ்டர் திட்டம் உதவுகிறது. அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் உள்ள கருவிகளை வெளியாரும் முன்பதிவு செய்து பயன்படுத்த 'ஐ-ஸ்டெம்' என்ற தேசிய இணையதளம் 2020 முதல் இயங்குகிறது. ஓர் அச்சின் தேய்மானத்தை அளந்து பார்க்க நுண்ணோக்கி வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கு நேரம் எடுத்தால் போதும்.

படிக்கிறவர்களுக்கு என்ன இருக்கிறது?

இந்தத் துறையில் ஆள் தேவை இரண்டு அறிவும் சேர்ந்த இடத்தில் இருக்கிறது. மெக்கானிக்கல் படித்தவருக்கு லேசர் தெரியும், மண் தெரியாது. செராமிக் படித்தவருக்கு மண் தெரியும், லேசர் தெரியாது.

விருத்தாசலத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரும் செராமிக் டிப்ளமோ இருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி.டெக் வளாகத்தில் செராமிக் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிக்கலாம். டிப்ளமோவிலிருந்து பட்டப்படிப்பு, அங்கிருந்து லேசர் அல்லது 3டி பிரிண்டிங் ஆய்வு என்று போகிறவர், இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த ஆளாக வருவார். மத்திய மின்னணு அமைச்சகம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட 3டி பிரிண்டிங் கொள்கை, 100 புதிய ஸ்டார்ட்அப்களையும் 500 பொருட்களையும் இலக்காகச் சொன்னது. அதில் செராமிக்குக்கும் இடம் உண்டு.

தொடக்கம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அண்ணாமலை நகரிலோ சென்னையிலோ அடுத்த ஆண்டு எம்.இ. புராஜெக்ட் தலைப்பு தேடும் ஒரு மாணவர், விருத்தாசலம் தொழிற்பேட்டைக்கு பஸ் ஏறி, தேய்ந்துபோன ஃபியூஸ் அச்சு ஒன்றை வாங்கிவந்து லேசரால் புதுப்பித்துப் பார்க்கலாம். பழைய அச்சு எத்தனை ஆயிரம் துண்டு தாங்கியது, புதுப்பித்தது எத்தனை தாங்குகிறது என்று எண்ணினால் அதுவே ஆய்வு. எண்ணிக்கை கூடினால், அடுத்த வாரமே அதே பட்டறையில் வேலைக்கு வரும்.